டிரில் மாஸ்டரை ஆசிரியராக்கியவர்

சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றுவரும் வாசகர்களுக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் நன்கு பழகிய இடம். கைகள் கனக்கப் புத்தகப் பைகளுடன் அதைக் கடந்து செல்பவர்களில் பலருக்கு, அது ஓர் உடற்கல்விக் கல்லூரியின் விளையாட்டுத் திடல் என்பது நினைவில் இருப்பதில்லை. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது அது. 1920-இல் அதைத் தொடங்கி, 1943-இல் சென்னையிலேயே இறக்கும்வரை அதன் முதல்வராக இருந்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். உடற்கல்வி பயின்றோர் அனைவருக்கும் எச்.சி. பக் அறிமுகமானவர். அவரால் பயன்பெற்ற நம்மில் பெரும்பாலோர்தாம் அவரை அறியாதவர்கள்.

பக் 1884-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். கூடைப்பந்து பிறந்த இடம் அது. 1891-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில், வெளியே விளையாட முடியாமல் பொறுமையிழந்திருந்த மாணவர்களுக்காக உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை உருவாக்கித் தருமாறு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரைத் துறைத் தலைவர் கேட்டுக்கொண்டார். நெய்ஸ்மித் பத்தடி உயரத்தில் பீச் பழக்கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடையில் விழுந்த பந்தை எடுக்க ஒவ்வொரு முறையும் ஆள் ஏற வேண்டியிருந்தது.

நெய்ஸ்மித் பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளரானார். அவருடைய அணி வென்றவை 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. இதைவிடச் சுவையான முரண் விளையாட்டு வரலாற்றில் அரிது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. கூடைப்பந்து ஆடுவதற்குரியது, அதற்குப் பயிற்சியாளர் எதற்கு என்பதே அவருடைய எண்ணம். அமெரிக்கா அந்த எண்ணத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டது. அங்கே இன்று கல்லூரிப் பயிற்சியாளர்கள் சிலரின் ஊதியம் பல்கலைக்கழகத் தலைவரின் ஊதியத்தைவிட அதிகம். தோற்றால் அடுத்த ஆண்டு வேலை இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிளம்பிய மற்றொரு பாதை, ஆடுகளத்தை வகுப்பறையின் தொடர்ச்சியாகக் கருதியது. பக் அந்தப் பாதையில் சென்னைக்கு வந்தவர்.

1919-இல் அவர் வந்தபோது இங்கே பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். அதைக் கற்பிக்கப் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் அமர்த்தப்பட்டனர். வரிசையில் நிற்க வைப்பது, இடம் வலம் திரும்ப வைப்பது, அசைந்தவனைத் தண்டிப்பது என்பதாகப் பாடம் முடிந்துவிடும். சம்பளமும் மரியாதையும் ஆசிரியர் வரிசையில் அவர்களைக் கடைசியில் நிறுத்தின. பக் நினைத்திருந்தால் ஒரு நல்ல அணியைத் திரட்டிப் பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ அணிகளை உருவாக்கக்கூடிய ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் ஆரம்பித்த அந்தப் பள்ளியில் உடற்கூறும் உடலியங்கியலும் உளவியலும் கற்பிக்கும் முறையும் ஆட்டங்களுடன் சேர்த்துப் பாடமாயின. பின்னாளில் அது அடையாற்றங்கரையில் இன்றைய வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது.

அவரை ஒலிம்பிக் வரலாறு வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1924 பிப்ரவரியில் தில்லியில் நடந்த அகில இந்தியப் போட்டிகளில் தேர்வான வீரர்களைப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றவர் பக். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய சென்னையின் சி.கே. லட்சுமணன் அந்த அணியில் இருந்தார். பதக்கம் ஏதும் கிட்டவில்லை. (ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து, வேறொரு நாளில் 400 மீட்டரில் தங்கம் வென்று, மறு ஆண்டே சீனாவுக்கு ஆசிரியராகச் சென்ற எரிக் லிடல் ஓடிய ஒலிம்பிக் அது.) தோராப்ஜி டாட்டாவின் முயற்சிக்குத் துணையாக, ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனும் பக்கும் நாடெங்கும் பயணம் செய்து மாகாணச் சங்கங்கள் அமையப் பாடுபட்டனர். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதில் அந்தப் பயணங்களுக்குப் பங்குண்டு.

அவரை மறுப்பின்றிப் போற்றிவிடவும் முடியாது. கிறிஸ்தவ இளைஞர் சங்கம் விளையாட்டைக் கொண்டுவந்தது விளையாட்டுக்காக மட்டுமன்று. நன்னடத்தையை உடலின் வழியே ஊட்டலாம் என்ற நம்பிக்கை அதன் பின்னே இருந்தது. யாருடைய நன்னடத்தை, யார் வகுத்த ஒழுங்கு என்ற கேள்வியைக் காலனி ஆட்சிக் காலத்தில் கேட்காமல் இருக்க இயலாது. அதே ஆண்டுகளில் அமராவதியிலும் பரோடாவிலும் இந்திய உடற்பயிற்சி மரபுகளை மீட்டெடுக்க வேறு சிலர் முயன்றுகொண்டிருந்தனர். ஆனால், பக் அவற்றைப் பகையாகப் பார்க்கவில்லை. தண்டாலும் பஸ்கியும் யோகாசனமும் நாட்டு ஆட்டங்களும் அவருடைய திட்டத்தில் கூடைப்பந்தோடும் கைப்பந்தோடும் இடம்பெற்றன. ஆட்ட விதிகளை ஒரே நூலாகத் தொகுத்தார். ‘வியாயாம்’ என்ற பெயரிலேயே ஓர் இதழ் நடத்தினார். சென்னை மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் இருந்தார்.

நான் பள்ளியில் படித்தது விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்தில். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரை ஊரார் கடைசிவரை டிரில் மாஸ்டர் என்றே அழைத்தனர். அவர் செய்ததோ டிரில் அன்று. அறுவடை முடிந்த நிலத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே வலை கட்டி, எதிரணியின் நல்ல அடிக்கும் கைதட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். கோடு போடுவதற்கும் அளவு உண்டு என்பதை, கணக்கு வகுப்புக்கு முன்பே அவரிடம் தெரிந்துகொண்டோம். அந்த அளவுகளும் கைதட்டலும் எந்தக் கல்லூரி மரபில் பிறந்து எங்கள் ஊருக்கு வந்தன என்பதை மிகப் பிற்பாடு, பக்கைப் பற்றிப் படித்தபோதுதான் அறிந்தேன். கூடைப்பந்து வளையம் எங்கள் பள்ளியில் இருந்ததில்லை. அதற்குத் தளம் வேண்டும், பலகை வேண்டும், பணம் வேண்டும். கைப்பந்துக்கும் கபடிக்கும் மண் போதும். நம் சிற்றூர்களில் எந்த ஆட்டம் வேரூன்றியது, எது நகரத்துப் பள்ளிகளோடு நின்றுவிட்டது என்பதற்கு இதைவிட நீண்ட விளக்கம் தேவையில்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்று அது கூறுகிறது. நல்லது. ஆனால், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு, அறிவியலுக்கும் மொழிக்கும் ஆசிரியர் வேண்டும் என்று சொல்லும் அதே அட்டவணை, உடற்கல்விக்கு மட்டும் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்கிறது. ஓவியத்துக்கும் கைத்தொழிலுக்கும் அதே நிலைதான். அதன்படி 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களில் உடற்கல்விக்கென வந்தவர்கள் கணிசமானோர். வாரத்துக்கு மூன்று அரை நாள்கள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். அதன் பிறகு தொகை சிறிது உயர்ந்ததே தவிர, பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுதோறும் சென்னையில் கூடிப் போராட வேண்டியிருந்தது.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறுவது எல்லோரும் அறிந்தது. பெற்றோர் எவரும் அதைக் கேட்பதில்லை. அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆசிரியர் அன்றைக்குப் பள்ளியில் இருக்க மாட்டார். அது அவருடைய அரை நாள் அன்று.