உப்பைச் சூடாக்கிப் பார்த்த ஆச்சார்யர்: பிரபுல்ல சந்திர ராய்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஒரு சிட்டிகை உப்பை உலர்ந்த சோதனைக் குழாயில் போட்டு பர்னரில் காட்டுவோம். நீல நிற காப்பர் சல்பேட் தன்னிடமுள்ள தண்ணீரை விட்டுவிட்டு வெளுத்துப்போகும். லெட் நைட்ரேட் படபடவென்று பொரிந்து பழுப்பு நிற வாயுவை விடும். அம்மோனியம் குளோரைடு உருகாமலே ஆவியாகி, குழாயின் மேல்பக்கம் வெள்ளையாய்ப் படியும். உருகுதா, சிதையுதா, பதங்கமாகுதா என்று பார்த்தாலே, கையில் இருப்பது என்ன உப்பு என்று பாதி தெரிந்துவிடும்.

நமக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. ஒரு மனிதர் அதே வேலையில் பல வருடங்களைச் செலவழித்தார். கடைசியில், எல்லாப் புத்தகங்களிலும் இருந்த ஒரு விஷயத்தையே திருத்திக் காட்டினார். அவர்தான் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய்.

1861 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார். கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தபோது கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து பள்ளியை விட்டே நிற்க வேண்டியதாயிற்று. அந்த நோய் வாழ்நாள் முழுக்க அவர் உடம்பைப் பலவீனமாக்கியது. ஆனால் வீட்டில் கிடந்த அந்தக் காலத்தில், அப்பாவின் நூலகத்தில் இருந்த புத்தகங்களை எல்லாம் படித்துத் தள்ளினார். பிறகு கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் ஜெயித்து, 1882-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார். 1887-ல் டி.எஸ்.சி. பட்டம் கிடைத்தது.

இவ்வளவு பெரிய பட்டத்தோட ஊருக்கு வந்தவருக்கு நல்ல வேலை காத்திருந்திருக்கும்னுதானே நினைக்கிறீங்க? இல்லை. கல்லூரிப் பணியின் உயர்ந்த பிரிவு நடைமுறையில் வெள்ளைக்காரர்களுக்கு. இந்தியர்களுக்கு அதற்குக் கீழே ஒரு பிரிவு. ஏறத்தாழ ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தபின், 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். மனதில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அந்த லேபை அவர் விடவில்லை.

1895-ல் அங்கேதான் முதல் பெரிய திருப்பம். மெர்குரஸ் நைட்ரேட் தயாரிப்பதற்காக, பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி வைத்திருந்தார். வந்து பார்த்தால் மஞ்சள் நிறப் படிகங்கள். முதல் பார்வைக்கு ஏதோ காரத்தன்மை உள்ள உப்பு மாதிரி இருந்தது. அப்படி எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் கரைசலோ நல்ல அமிலம். அதில் எப்படிக் காரத்தன்மை உள்ள உப்பு வரும்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. பகுத்துப் பார்த்தபோது அது மெர்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது. அதுவரை யாரும் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டியதில்லை. மெர்குரஸ் அயனியும் நிலையில்லாதது, நைட்ரைட்டும் நிலையில்லாதது என்பது அப்போதைய எண்ணம். ரெண்டும் சேர்ந்தால் மட்டும் நிலைத்து நிற்குது! 1896-ல் இது ஆசியாட்டிக் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

அதன்பிறகு அவர் நைட்ரைட்டுகளை விடவே இல்லை. பாதரசம், வெள்ளி, கார உலோகங்கள், காரமண் உலோகங்கள் என்று ஒவ்வொன்றின் நைட்ரைட்டையும் தயாரிப்பது, சூடாக்குவது, என்ன வாயு வருது, என்ன மிஞ்சுது என்று அளப்பது. இதுவே அவர் ஆராய்ச்சியின் பெரும்பகுதி.

இந்த வரிசையில்தான் அம்மோனியம் நைட்ரைட் வந்தது. இது நமக்கும் தெரிந்த ஆள்தான். அம்மோனியம் குளோரைடையும் சோடியம் நைட்ரைட்டையும் கலந்து சூடாக்கினால் நைட்ரஜன் கிடைக்கும் என்று படித்திருக்கோமே, அங்கே இடையில் உருவாகி உடனே சிதைவது இதுதான். சூடு பட்டால் நைட்ரஜனும் தண்ணீருமாய்ப் பிரிந்துவிடும் என்பதே எல்லோரும் படித்த பாடம். அப்படிப்பட்ட உப்பை முழுசாக ஆவியாக்க முடியுமா என்று ராய் கேட்டார்.

முதல் பிரச்சினை, சுத்தமான உப்பு வேண்டும். அம்மோனியம் குளோரைடையும் சில்வர் நைட்ரைட்டையும் சேர்த்தார். சில்வர் குளோரைடு அடியில் தங்கிவிடும். வடிகட்டினால் அம்மோனியம் நைட்ரைட் கரைசல் மட்டும் மிஞ்சும். அதைக் காற்று நீக்கிய கருவியில் வைத்து, நெருப்பில் காட்டாமல் மெல்ல மெல்லச் சூடேற்றினார். ஒரு பகுதி சிதைந்தது உண்மைதான். ஆனால் இன்னொரு பகுதி ஆவியாக எழுந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி உப்பாகவே படிந்தது. 60 டிகிரி அளவிலும் அது சிதையாமல் பதங்கமானது.

அந்த ஆவி நிஜமாகவே முழு உப்பா, அல்லது பிரிந்துபோய் மறுபடி சேர்ந்ததா? இதை ஆவி அடர்த்தியை வைத்துச் சோதித்தார்கள். கணக்கு எளிதுதான். மூலக்கூறு எடை 64. சிதையாமல் இருந்தால், ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட ஆவி அடர்த்தி 32 வர வேண்டும். நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரிந்திருந்தால் ஒரு மூலக்கூறு மூன்றாகிவிடும். அடர்த்தி மூன்றில் ஒரு பங்காக, 10.7 அளவுக்கு இறங்கிவிடும். மாணவர் நீல்ரத்தன் தர் உள்ளிட்டோர் துணையோடு அளந்து பார்த்தபோது, ஆவி சிதையவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1912-ல் லண்டன் போயிருந்தபோது கெமிக்கல் சொசைட்டியில் ராய் இதை வாசித்தார். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே அவரைப் பாராட்டினார். (யாரும் இதை ட்ரை பண்ணிடாதீங்க. காய்ந்த அம்மோனியம் நைட்ரைட் வெடிக்கக் கூடியது.)

சூடாக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஆராய்ச்சியோடு நிற்கவில்லை. இந்தியர்கள் தொழில் தொடங்க வேண்டும் என்று அவருக்கு ஒரே தவிப்பு. 1892-ல் சில நூறு ரூபாய்ச் சேமிப்பைப் போட்டு, தன் வீட்டிலேயே ஒரு மருந்துத் தயாரிப்பைத் தொடங்கினார். கால்சியம் பாஸ்பேட் வேண்டும். அது மாட்டு எலும்பில் இருக்கிறது. கசாப்புக் கடைகளிலிருந்து எலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டார். மழை பிடித்துக்கொண்டது. ஒட்டியிருந்த சதை அழுகி நாற்றமெடுக்க, அக்கம்பக்கத்தில் ஒரே புகார். எலும்புகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ராத்திரியில் எரித்தால், யாரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு போலீஸ் வந்துவிட்டது! எரிந்த எலும்பில் சதையும் கொழுப்பும் போய்விடும். பாஸ்பேட் மட்டும் அசையாமல் சாம்பலாய் நிற்கும். அதிலிருந்து மருந்து. 1901-ல் அந்தத் தொழில் பெங்கால் கெமிக்கல் என்ற லிமிடெட் கம்பெனியானது.

1902-ல் பழைய இந்திய வேதியியலின் வரலாற்றை எழுதி முதல் பாகம் வெளியிட்டார். 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சயின்ஸ் காலேஜுக்கு மாறினார். மேகநாத் சாஹா, சத்யேந்திர நாத் போஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டார். 1921-ல் 60 வயதானபோது, அதற்குமேல் வரும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, 75 வயது வரை வேலை பார்த்தார். 1922-ல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1924-ல் இந்தியன் கெமிக்கல் சொசைட்டியின் முதல் தலைவரானார். 1944 ஜூன் 16-ல், அதே கல்லூரி அறையில் உயிர் பிரிந்தது.

நம்ம லேப்ல என்ன நடக்குதுன்னு நமக்கே தெரியும். ரீடிங் மேனுவலோடு ஒத்துப்போகலைன்னா, அழிச்சுட்டு பக்கத்து பேட்ச் அப்சர்வேஷனைப் பார்த்து எழுதிடுவோம். பெரும்பாலும் தப்பு நம்ம கையில்தான் இருக்கும், உண்மை. ஆனா அது கையோட தப்பா, கருவியோட தப்பா, இல்லை புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்றா என்று இன்னொரு தடவை செய்து பார்த்தால்தானே தெரியும்? மஞ்சள் படிகத்தைப் பார்த்த அன்று ராய் செய்தது அவ்வளவுதான். அடுத்த ரெக்கார்டு எழுதும்போது, அந்த ரப்பரை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க.