ஜ்யோதிஷ்குடியில் பிள்ளை லோகாசாரியர்

திருவரங்கத்தில் ஐப்பசித் திருவோணத்தில், வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரராக அவதரித்தவர் பிள்ளை லோகாசாரியர். நம்பிள்ளையின் அருளால் பிறந்தமையால், லோகாசாரியர் என்னும் அவருடைய திருநாமமே இவருக்குச் சாற்றப்பட்டது. இவரும் திருத்தம்பியாரான அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் இல்லறம் புகாமல் ஸம்ப்ரதாயத்துக்காகவே வாழ்ந்தனர். வடமொழி கல்லாதாரும் பெண்டிரும் உஜ்ஜீவிக்க வேண்டும் என்று திருவுள்ளம் பற்றி, மணிப்ரவாளத்தில் 18 ரஹஸ்ய க்ரந்தங்களை அருளிச்செய்தார் இவர்.

அவற்றுள் ஸ்ரீவசனபூஷணத்தில் ஓர் அரிய பொருளைக் காட்டுகிறார். அறிவு மேலிட்ட நிலையில் எம்பெருமான் காப்பவன், நாம் காக்கப்படுபவர்கள். அன்பு மேலிட்டாலோ அம்முறை தலைகீழாகிறது. அவனுக்கு என்ன தீங்கு வருமோ என்று ஆத்மா அஞ்சுகிறது. பெரியாழ்வார் திருப்பல்லாண்டு பாடியது இந்நிலையில்தான். எழுதிய இப்பொருளைத் தாமே அநுஷ்டித்துக் காட்டவேண்டிய காலமும் அவருக்கு வந்தது.

1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தது. பெரிய பெருமாள் ஸந்நிதி கல்திரையால் மறைக்கப்பட்டது. மிக்க முதுமையிலிருந்த பிள்ளை லோகாசாரியர், நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு சில அடியார்களுடன் தெற்கே புறப்பட்டார். காட்டுவழியில் கள்வர் பொருள்களைக் கவர்ந்தபோதும் அவர் கலங்கவில்லை என்று குருபரம்பரை கூறும். காக்கவேண்டிய பெருஞ்செல்வம் பல்லக்கில் இருந்ததன்றோ!

மதுரைக்கு அருகே ஆனைமலைச் சாரலிலுள்ள ஜ்யோதிஷ்குடியை அடைந்தபின் திருமேனி மிகவும் தளர்ந்தது. பிறந்த ஊர் இல்லை. காலக்ஷேபம் கேட்ட கோஷ்டியும் சிதறிவிட்டது. ஆயினும் அவர் திருவுள்ளம் இழந்தவற்றில் செல்லவில்லை. இனி ஆகவேண்டியதில் சென்றது. இளமையில் தம் திருவடிகளை ஆச்ரயித்த திருமலையாழ்வார், அப்போது பாண்டிய அரசின் காரியங்களில் ஈடுபட்டிருந்தார். அவரை மீட்டு, ரஹஸ்யார்த்தங்களை அளிக்கும்படி கூரகுலோத்தம தாசர் முதலானோரை நியமித்தார். அந்திமத்தில் அருகிருந்த செடிகொடிகளையும் எறும்புகளையும்கூடத் திருக்கையால் தீண்டி அநுக்ரஹித்தார் என்பர் பெரியோர். அவ்வூரிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371-இல். 48 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த அவ்வைபவத்தை இவர் கண்டாரல்லர். ஆனால் திருமலையாழ்வார் திருவாய்மொழிப் பிள்ளையாக விளங்கினார். அவருடைய சிஷ்யரான மணவாள மாமுனிகள் ஸ்ரீவசனபூஷணத்துக்கு வ்யாக்யானம் அருளினார். அதைக் கொண்டே இன்று நாம் இவர் திருவுள்ளத்தை அறிகிறோம்.

இடர் நீங்கட்டும், பிறகு கைங்கர்யம் செய்வோம் என்று நாம் நாளைக் கடத்துகிறோம். இவருக்கோ இடர் நீங்கவே இல்லை. வழிநடையே கைங்கர்யமாயிற்று, கைங்கர்யமே ஆனந்தமாயிற்று. நோயிலும் தனிமையிலும் உழலும் நமக்கு, பல்லாண்டு பாட ஒரு பெருமாளும் நல்வார்த்தை சொல்ல ஓர் அடியாரும் என்றும் உண்டு.

பிள்ளை லோகாசாரியர் திருவடிகளே சரணம்.