சல்சாவுக்கு அடித்தளம் போட்ட பார்வையற்ற கலைஞர்: யார் இந்த ஆர்சேனியோ ரோட்ரிகஸ்?

சல்சா பாட்டு கேட்டாலே கால் தானா ஆடும். அதில் பியானோ, டிரம்பெட், காங்கா மேளம் எல்லாம் சேர்ந்து முழங்குகிறதே, அந்தக் கூட்டணியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆர்சேனியோ ரோட்ரிகஸ்.

1911-ல் கியூபாவின் மத்தான்சாஸ் மாகாணத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே விபத்தில் பார்வை போய்விட்டது. மூன்று ஜோடித் தந்திகள் கொண்ட ‘த்ரெஸ்’ கருவிதான் அவருக்குத் துணை.

என்ன மாற்றினார்?

அன்றைய ‘சோன்’ இசைக்குழுக்களில் பெரும்பாலும் ஒரே ஒரு டிரம்பெட்தான். 1940-களில் பியானோ, காங்கா, கூடுதல் டிரம்பெட்டுகள் என்று தன் குழுவைப் பெரிதாக்கினார். காங்கா, கறுப்பின மக்களின் தெரு மேளம் என ஒதுக்கப்பட்ட காலம் அது. அதை நடன அரங்குக்குள் கொண்டுவந்தார்.

1947-ல் கண் சிகிச்சைக்காக நியூயார்க் போனார். பார்வை திரும்பாதுன்னு டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்த வேதனையில் பிறந்த பாடல்தான் ‘லா விதா எஸ் உன் சுவென்யோ’. ‘வாழ்க்கை ஒரு கனவு’ என்று அர்த்தம்.

பிறகு அமெரிக்காவிலேயே குடியேறினார். ஆனால், அங்கே மாம்போ அலை. இவருக்குப் பெரிய வெற்றி கிடைக்கவில்லை. 1970 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே நியூயார்க்கில் சல்சா வெடித்தது. அதன் முன்னணிக் கலைஞர் லாரி ஹார்லோ, ஓர் ஆல்பத்தையே ஆர்சேனியோவுக்குக் காணிக்கையாக்கினார். அதைக் கேட்க அவர்தான் இல்லை.