பெயரடை தேடிய தபால்காரர்

பாப்லோ நெருடாவின் கவிதைகளில் தோய்ந்த நம் கவிஞர்களுள் பலர், அவருக்குக் கடிதம் சுமந்த ஒரு கற்பனைத் தபால்காரரையும் அறிவர். ‘இல் போஸ்தினோ’ என்னும் இத்தாலியத் திரைப்படத்தில் அப்பாத்திரத்தை ஏற்றவர் மாஸ்ஸிமோ திரோய்ஸி. அவர்தம் வாழ்வு கவிஞர்கள் அறியத்தக்கது.

நேப்பிள்ஸ் நகரை அடுத்த சான் ஜார்ஜோ ஆ கிரெமானோ என்னும் ஊரில் 1953 பிப்ரவரி 19 அன்று அவர் பிறந்தார். தந்தையார் இரயில்வே ஊழியர், குடும்பமோ பெரிது. இளமையில் வந்த வாதக்காய்ச்சல் அவருடைய இதய வால்வைச் சிதைத்தது. 1976ஆம் ஆண்டில் அறுவை சிகிச்சைக்காக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்குச் செல்ல நேர்ந்தபோது, நேப்பிள்ஸ் நாளிதழொன்று நிதி திரட்டி உதவியது. மக்கள் தந்த பொருளால் மீண்ட உயிர் அது.

லெல்லோ அரேனா, என்ஸோ தெகாரோ ஆகிய நண்பர்களுடன் அவர் நடத்திய நகைச்சுவைக் குழுவின் பெயர் ‘லா ஸ்மோர்ஃபியா’. கனவுகளுக்கு லாட்டரி எண் கூறும் நேப்பிள்ஸ் நூலின் பெயரே அது. 1977இல் தொலைக்காட்சி இக்குழுவை நாடறியச் செய்தது. திரோய்ஸியின் பேச்சு தயங்கித் தயங்கி வரும். தொடங்கிய தொடர் முடியாது நிற்கும். தம் வட்டார மொழியை அவர் செம்மைப்படுத்திக் கொள்ளவில்லை. முடியாத தொடருக்குள்ளும் பொருள் நிறைந்திருக்கும் என்பதை அறிந்த கலைஞர் அவர்.

1981இல் அவரே இயக்கி நடித்த முதற்படம் வெளிவந்தது. அதன் தலைப்புக்கு ‘மூன்றிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்’ என்று பொருள். வாழ்வில் மூன்று செயல்களேனும் நன்றாக அமைந்திருக்க, சுழியத்திலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்பதே நாயகன் எண்ணம். நேப்பிள்ஸை விட்டு வெளியேறும் அவனைக் காண்போரெல்லாம் பிழைப்புத் தேடி வந்தவன் என்றே கருதுகின்றனர். தென்னாட்டான் என்றால் வறியவன் என்னும் எண்ணத்தை அப்படம் சிரிப்பினாலேயே உடைத்தது. 1984இல் ரொபெர்த்தோ பெனினியுடன் இணைந்து ஒரு படத்தை இயக்கி நடித்தார். 1989இல் எத்தோரே ஸ்கோலா இயக்கிய படத்திற்காக, வெனிஸ் விழாவில் மார்செல்லோ மாஸ்த்ரோயானியுடன் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

சிலி நாட்டு எழுத்தாளர் அந்தோனியோ ஸ்கார்மெத்தாவின் புதினம் அவரை ஈர்த்தது. சிலியில் நிகழும் அக்கதை, இத்தாலியத் தீவொன்றுக்கு இடம்பெயர்ந்து திரைக்கதையாயிற்று. அதை எழுதியோருள் அவரும் ஒருவர். மைக்கேல் ராட்ஃபோர்ட் இயக்கினார். ஃபிலிப் நுவாரே நெருடாவாக நடித்தார். எழுத்தறிவு குறைந்த தபால்காரன் நெருடாவிடம் உருவகம் கற்கிறான். மீன்வலைகளுக்கு ஒரு பெயரடை கேட்கும்போது அவன் தேர்ந்தெடுப்பது துயரத்தை. அவ்வொரு சொல்லில் மீனவர் வாழ்வு முழுதும் அடங்கிவிடுகிறது.

அப்போது திரோய்ஸிக்கு மாற்று இதயம் தேவைப்பட்டது. படத்தை முடித்த பின்னரே சிகிச்சை என்று அவர் முடிவு செய்தார். நாளொன்றுக்குச் சிறிது நேரமே நடிக்க இயன்றது. தொலைவிலிருந்து எடுத்த காட்சிகளில் வேறொருவர் அவருக்காக நின்றார். படப்பிடிப்பு முடிந்த மறுநாள், 1994 ஜூன் 4 அன்று, ரோம் நகரை அடுத்த ஓஸ்தியாவில் தம் தமக்கை இல்லத்தில் உயிர் நீத்தார். அகவை 41. 1996இல் சிறந்த நடிகர், தழுவல் திரைக்கதை ஆகிய இரு ஆஸ்கர் விருதுகளுக்கு மறைந்த அவர் பெயர் முன்மொழியப்பட்டது. படத்திற்குக் கிட்டியதோ இசைக்கான விருது மட்டுமே.

கலைக்காக உயிர் ஈந்தார் எனப் புகழ்தல் நமக்கு எளிது. ஆயின் அவர் ஈந்தது ஒரு படத்திற்கு; இழந்தது இன்னும் பல படங்களை. அந்த இழப்பைப் புகழுரையால் மூடுதல் தகாது. படத்தில் தபால்காரன் தான் எழுதிய கவிதையைக் கூட்டத்தில் படிக்கச் செல்கிறான். படிக்குமுன் கலவரத்தில் மாள்கிறான். அக்கவிதையை நாம் கேட்பதே இல்லை.