சமந்தாவைப் படைத்தவர்

சிற்றூர்ப் பெண்கள் உயரத்தில் ஏறி நின்று, கை கடுக்கத் தேவாலயத்தின் உட்புறத்தில் அலங்காரக் காகிதம் ஒட்டுகிறார்கள். அதே ஊர் ஆண்களோ, திருச்சபை மாநாட்டில் உறுப்பினராக உட்காரப் பெண்களுக்கு உடல்வலு போதாது என்று வாதிடுகிறார்கள். நாற்காலியில் உட்காரக்கூட வலு வேண்டுமாம்!

இக்காட்சி 1890இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நகைச்சுவை நூலில் வருகிறது. இது வெறும் கற்பனை அன்று. 1888இல் மெதடிஸ்ட் திருச்சபை மாநாடு பெண் பேராளர்களை உண்மையிலேயே ஏற்க மறுத்தது.

நூலை எழுதியவர் மரியெட்டா ஹோலி. நியூயார்க் மாநிலத்துப் பண்ணைக் குடும்பம் ஒன்றில் 1836இல் கடைக்குட்டியாகப் பிறந்தார். வறுமையால் 14 வயதில் படிப்பு நின்றது. பின்னர்ப் பியானோ கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார்.

1873இல் வெளிவந்த முதல் நூலிலேயே சமந்தா என்னும் கிராமத்துப் பெண்ணைப் படைத்தார். சமந்தா கொச்சைமொழியில் பேசுவாள். கணவன் ஜோசையாவுக்கு வயிறாரச் சமைத்துப் போடுவாள்; பெண்களுக்கு வாக்குரிமை ஏன் வேண்டும் என்று அவனோடு வாதாடவும் செய்வாள். கோபமூட்டும் கருத்தைக்கூட மக்கள் சிரித்துக்கொண்டே படித்தார்கள். ஹோலியை மார்க் டுவெயினோடு ஒப்பிட்டார்கள். ஆனால், அவர் கூச்ச சுபாவம் உடையவர். மேடையில் பேச அழைத்தால் மறுத்துவிடுவார்.

1920இல் பெண்களின் வாக்குரிமை அமெரிக்க அரசியலமைப்பில் இடம்பெற்றபோது அவருக்கு 84 வயது. 1926இல் காலமானார். நூல்களும் மெல்ல மறக்கப்பட்டன.

1983இல் ஜேன் கரி என்பவர் அப்பழைய நூல்களிலிருந்து சில பகுதிகளைத் தொகுத்து வெளியிட்டார். அதோடு நிற்காமல், சமந்தாவாக வேடமிட்டு மேடையிலும் நடித்தார்.