முயலளவு மான்

மூதூரைக் கடக்குந்தோறும் றொபேட் நொக்ஸின் வாழ்வை நான் எண்ணுவதுண்டு. 1641இல் இங்கிலாந்தில் பிறந்தவர் அவர். 1660இல், கப்பலின் பாய்மரத்தைச் செப்பனிடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் தந்தையுடன் சிறைப்பட்டார். மறு ஆண்டு தந்தை மாண்டார். தொப்பி பின்னியும் நெல்லைக் கடன் கொடுத்தும் 19 ஆண்டுகள் கழித்தவர், 1679இல் காடு கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தார்.

விருந்தினனுக்குத் தன்னுடலையே ஈந்த முயலை நிலவிற் கண்டு போற்றும் நாடு இது. நொக்ஸோ, 1681இல் வெளியான தம் நூலில், இங்குள்ள சருகுமானின் அளவை முயலோடு ஒப்பிட்டு, அதன் இறைச்சி நன்று என்று குறித்தார். பின்னர் மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கிய கப்பலுக்கும் தலைவரானார், 1720இல் மறைந்தார். தாம் அகப்பட்டு வருந்தியது ஒன்றே ஒருவருக்கு அருளைக் கற்பித்துவிடாது என்பதை அவர் வாழ்விலிருந்து நான் அறிகிறேன்.