ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை உருவாக்கியவர் யாரு? அதன் புகழைப் பார்க்காமலே மறைந்த மிட்செலின் கதை

சிங்கப்பூர் ஆகாயக் கண்காட்சின்னாலே நமக்கு நினைவுக்கு வருவது காதைப் பிளக்கும் ஜெட் விமானங்கள்தான்.

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்ட் விமானத் தளத்தில் கதையே வேற. அங்கே நடக்கும் பழைய போர் விமானக் கண்காட்சிகளில் கூட்டம் காத்திருப்பது, மூக்கில் புரொப்பெல்லர் சுழலும் ஒரு சின்ன விமானத்துக்காக. அதற்கு வயது 80க்கும் மேல்.

அதன் பெயர் ஸ்பிட்ஃபயர். அது தலைக்கு மேலே வந்ததும் பேச்சு நின்றுவிடும். கைத்தொலைபேசிகள் எல்லாம் வானத்தைப் பார்த்துத் திரும்பும்.

அதை வடிவமைத்தவர் ரெஜினல்ட் ஜோசஃப் மிட்செல். 42 வயதில் காலமானார். ஸ்பிட்ஃபயர் ஆகாயப்படையில் சேர்ந்ததையும் அவர் பார்க்கவில்லை, அது சண்டையிட்டதையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, பறந்துகொண்டிருந்த ஒரே ஒரு சோதனை விமானத்தை மட்டும்தான்.

யாரு இந்த மிட்செல்?

1895ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்‌ஷியர் வட்டாரத்தில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். பிறகு அச்சுத் தொழிலுக்கு மாறியவர்.

மிட்செல் பல்கலைக்கழகம் போகவில்லை. 16 வயதில் பள்ளியை விட்டு, ரயில் இன்ஜின் செய்யும் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் வகுப்பு. பொறியியலும் கணிதமும் அப்படித்தான் கற்றார்.

1917ஆம் ஆண்டு சவுத்ஹாம்ப்டன் நகரில் இருந்த சூப்பர்மரின் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடலில் இறங்கும் விமானங்களைச் செய்த சின்ன நிறுவனம் அது. இரண்டே ஆண்டில் அவர் தலைமை வடிவமைப்பாளர். அப்போது அவருக்கு வயது 24!

சக ஊழியர்கள் அறிந்த மிட்செல் கூச்ச சுபாவம் உள்ளவர், பேச்சில் லேசான திக்கல். வரைபடத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது குறுக்கிட்டால் கோபம் வந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல் வந்தால் குழுவையே கூட்டி, ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டுத்தான் முடிவெடுப்பார்.

ஸ்பிட்ஃபயருக்கு முன்னாலேயே நம்ம ஊருக்கு வந்தது

மிட்செலின் விமானம் முதன்முதலில் இங்கு வந்தது 1928ஆம் ஆண்டு.

அவர் வடிவமைத்த சவுத்ஹாம்ப்டன் என்ற பறக்கும் படகுகள் நான்கு, 1927 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. பல ஊர்களில் இறங்கி இறங்கி, 1928 பிப்ரவரி மாதக் கடைசியில் சிங்கப்பூரின் சிலேத்தாரை வந்தடைந்தன.

இங்கிருந்து ஆஸ்திரேலியாவைச் சுற்றிவிட்டுத் திரும்பின. பிறகு ஹாங்காங்கிற்கும் போயின. மொத்தப் பயணம் 40,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் குழுவே 1929ஆம் ஆண்டு 205ஆம் படைப்பிரிவாகி சிலேத்தாரில் தங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் நீண்ட தூரம் நம்பிப் போகக்கூடிய விமானம் என்பதே பெரிய விஷயம். மிட்செலின் பெயரை நிலைநாட்டியதில் அந்த நம்பகத்தன்மைக்குப் பெரிய பங்கு உண்டு.

வேகத்தின் மீது ஏன் இந்த வெறி?

அப்போது ஷ்னைடர் கிண்ணம் என்று ஒரு போட்டி இருந்தது. கடல் விமானங்களுக்கான வேகப் பந்தயம். ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை ஜெயிக்கும் நாட்டுக்குக் கிண்ணம் நிரந்தரமாகச் சொந்தம்.

1925ஆம் ஆண்டு மிட்செல் கொண்டுபோன எஸ் 4 விமானம் பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் பந்தயத்துக்கு முன்பே தண்ணீரில் விழுந்து நொறுங்கியது. விமானி உயிர் தப்பினார்.

மிட்செல் துவண்டு போய்விட்டாரா? இல்லை. அடுத்து நடந்தது இது:

• 1927, வெனிஸ்: எஸ் 5 வெற்றி. வேகம் மணிக்குச் சுமார் 453 கிலோமீட்டர்.

• 1929, சவுத்ஹாம்ப்டன் அருகே: எஸ் 6 வெற்றி. சுமார் 529 கிலோமீட்டர்.

• 1931, அதே கடல் பகுதி: எஸ் 6பி வெற்றி. சுமார் 547 கிலோமீட்டர். கிண்ணம் பிரிட்டனுக்கே சொந்தமானது.

1931இல் அரசாங்கம் பணம் தர மறுத்தது. லூசி ஹியூஸ்டன் என்ற செல்வந்தச் சீமாட்டி 100,000 பவுண்டு கொடுத்ததால்தான் போட்டியில் கலந்துகொள்ள முடிந்தது. இத்தாலியும் பிரான்சும் விமானங்களைத் தயார்செய்ய முடியாமல் விலகிக்கொள்ள, பிரிட்டிஷ் விமானம் தனியாகவே பறந்து ஜெயித்தது.

அதே மாதம் எஸ் 6பி மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டி உலகச் சாதனை படைத்தது.

ஆனாலும் பந்தய விமானம் வேற, போர் விமானம் வேற. அது மிட்செலுக்குச் சீக்கிரமே புரிந்தது.

முதல் முயற்சி சரியா வரலை

ஆகாயப்படை ஒரு புதிய போர் விமானம் கேட்டது. மிட்செல் கொடுத்தது டைப் 224. 1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் பறந்தது.

இறக்கை தடிமன். சக்கரங்கள் உள்ளே மடங்கவில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் முறை ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேகமும் போதவில்லை. ஆகாயப்படை வேறு நிறுவனத்தின் இரட்டை இறக்கை விமானத்தைத் தேர்ந்தெடுத்தது.

கிண்ணத்தை வென்ற மனிதருக்கு அது பெரிய அடிதான். ஆனால் அந்த விமானம் பறப்பதற்கு முன்பே, அதைவிடப் பெரிய அடி விழுந்துவிட்டது.

நோயோடு வேலை

1933 ஆகஸ்ட்டில் அவருக்குக் குடலின் கடைப்பகுதியில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பெரிய அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு, வயிற்றில் போடப்பட்ட துளை வழியாகக் கழிவை வெளியேற்றும் நிலையோடுதான் வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டும். இன்று உள்ள வசதியான பைகள் அப்போது கிடையாது.

நோய் திரும்பி வரலாம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். உடல்நிலை பற்றி அலுவலகத்தில் பெரும்பாலோருக்குத் தெரியவிடவில்லை. அது போதாதென்று விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு, 1934ஆம் ஆண்டு உரிமமும் வாங்கிவிட்டார்.

டைப் 224ஐத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளில் ஆரம்பித்தார். அதுதான் ஸ்பிட்ஃபயர்.

அந்த இறக்கையில் என்ன விசேஷம்?

ஸ்பிட்ஃபயரின் இறக்கை முட்டை போல வளைந்து, நுனியில் குறுகி முடியும்.

விமானம் பறக்கும்போது இறக்கை நுனியில் காற்று சுழன்று பின்னுக்கு இழுக்கும். நீள்வட்ட வடிவம் அந்த இழுப்பைக் குறைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. இறக்கை மெல்லியதாக இருந்தாலும் அகலமாக இருப்பதால், எட்டுத் துப்பாக்கிகளையும் மடங்கும் சக்கரங்களையும் உள்ளே வைக்க இடம் கிடைத்தது.

இந்த இறக்கையை மிட்செலோடு சேர்ந்து உருவாக்கியவர் கனடாவைச் சேர்ந்த பெவர்லி ஷென்ஸ்டோன். மிட்செலுக்கு வடிவத்தின் அழகு முக்கியமில்லை, துப்பாக்கிகள் உள்ளே அடங்கினால் போதும் என்பதே அவர் அக்கறை என்று ஷென்ஸ்டோன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இன்று அந்த விமானத்தின் அழகைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள்!

முதலில் மக்கள் பார்த்ததே ஆகாயக் கண்காட்சியில்தான்

1936 மார்ச் 5ஆம் தேதி, சவுத்ஹாம்ப்டன் பக்கத்தில் உள்ள ஈஸ்ட்லி தளத்திலிருந்து முதல் ஸ்பிட்ஃபயர் கிளம்பியது. சோதனைகளில் மணிக்குச் சுமார் 560 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

மூன்று மாதத்தில், 310 விமானங்களுக்கு அரசாங்கம் ஆர்டர் கொடுத்தது. ஜூன் 27ஆம் தேதி லண்டனின் ஹெண்டன் தளத்தில் நடந்த ஆகாயப்படைக் கண்காட்சியில், புதிய விமானங்களின் வரிசையில் அதுவும் வைக்கப்பட்டது.

பெயர்? நிறுவனம்தான் வைத்தது. மிட்செலுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லையாம்.

சோதனைப் பறப்புகளின்போது மிட்செல் தம்முடைய காரில் வந்து, தளத்தின் ஓரமாக உட்கார்ந்து அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

1937 தொடக்கத்தில் நோய் திரும்பியது. வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. சிகிச்சைக்காக வியன்னா சென்றார். பலன் இல்லை. ஜூன் 11ஆம் தேதி காலமானார். மனைவி ஃபுளோரன்ஸ், 16 வயது மகன் கார்டன் ஆகியோரை விட்டுச் சென்றார்.

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?

1938 ஆகஸ்ட்டில் ஆகாயப்படைக்கு முதல் ஸ்பிட்ஃபயர் வந்து சேர்ந்தது. எங்கே தெரியுமா? இன்று கண்காட்சி நடக்கும் அதே டக்ஸ்ஃபர்டில், 19ஆம் படைப்பிரிவுக்கு.

1940ஆம் ஆண்டு பிரிட்டனைக் காக்க நடந்த ஆகாயப் போரில் அதன் பெயர் உலகமெங்கும் பரவியது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகணும். அந்தப் போரில் எண்ணிக்கையில் அதிகம் இருந்ததும், எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்தியதும் ஹரிகேன் என்ற வேறு விமானம். புகழ் மட்டும் ஸ்பிட்ஃபயர் பக்கம் சாய்ந்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் சூப்பர்மரின் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு ஆளானது. ஊழியர்கள் உட்படப் பலர் மாண்டனர். மிட்செல் கடைசியாகத் தொடங்கிய குண்டுவீச்சு விமானம் ஒருமுறைகூடப் பறக்காமல் அங்கேயே அழிந்தது.

ஸ்பிட்ஃபயர் உற்பத்தி நிற்கவில்லை. கார் பழுதுபார்க்கும் கடைகள், சலவை நிலையங்கள், பேருந்துப் பணிமனைகள் என்று பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மிட்செலின் இடத்துக்கு வந்த ஜோசஃப் ஸ்மித் விமானத்தை மேம்படுத்திக்கொண்டே போனார். மொத்தம் 20,000க்கும் அதிகமான ஸ்பிட்ஃபயர்கள் தயாராயின.

சினிமாவில் காட்டியது சரியா?

1942ஆம் ஆண்டு மிட்செலின் வாழ்க்கை படமாக வந்தது. அதில் அவர் ஜெர்மனி சென்று வரப்போகும் ஆபத்தை உணர்ந்து, ஓய்வே இல்லாமல் உழைத்து உயிரை விடுவார்.

உண்மை வேற. அப்படி ஒரு ஜெர்மனிப் பயணம் நடக்கவில்லை. அவர் உயிரைப் பறித்தது உழைப்பு அல்ல, புற்றுநோய். போர்க்காலப் படம் அதைச் சொல்லவில்லை.

கடைசிப் பயணங்கள் இங்கிருந்துதான்

1941, 1942ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படைகள் மலாயாவுக்குள் நுழைந்தபோது, இங்கே ஒரு ஸ்பிட்ஃபயர்கூட இல்லை. இருந்தவை பெரும்பாலும் பஃபலோ விமானங்கள். கடைசி நேரத்தில் ஹரிகேன்கள் வந்தன. அவற்றால் சிங்கப்பூரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஸ்பிட்ஃபயரின் முடிவுரை மட்டும் இங்கே எழுதப்பட்டது.

மலாயா அவசரநிலையின்போது, 1951 ஜனவரி 1ஆம் தேதி தெங்கா தளத்தின் 60ஆம் படைப்பிரிவு ஜொகூரின் கோத்தா திங்கி வட்டாரத்தில் தாக்குதல் நடத்தியது. பிரிட்டிஷ் ஆகாயப்படையின் ஸ்பிட்ஃபயர் நடத்திய கடைசித் தாக்குதல் அது.

1954 ஏப்ரல் 1ஆம் தேதி சிலேத்தாரிலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர், ஜொகூர் காடுகளைப் படமெடுக்கப் புறப்பட்டது. படைநடவடிக்கைக்காக ஒரு பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் பறந்தது அதுவே கடைசி.

1928இல் அவருடைய பறக்கும் படகுகள் வந்து இறங்கிய அதே சிலேத்தார்!

இன்னும் பறக்கவிடணுமா?

கண்காட்சிகளில் இன்று பறப்பவை சில டஜன் ஸ்பிட்ஃபயர்கள்தான். பிரிட்டிஷ் ஆகாயப்படையே 1957ஆம் ஆண்டிலிருந்து அதற்கென ஒரு நினைவுக் குழுவை வைத்திருக்கிறது.

2024 மே மாதம் அந்தக் குழுவின் ஸ்பிட்ஃபயர் ஒன்று விழுந்து நொறுங்கியது. விமானி உயிரிழந்தார்.

பழைய விமானங்களை அரும்பொருளகத்தில் பத்திரமாக வைக்கலாமே என்று சிலர் கேட்பது நியாயம்தான். முதல் சோதனை விமானமே 1939ஆம் ஆண்டு விபத்தில் அழிந்தது. போனது திரும்ப வராது.

பறக்க வேண்டும் என்போர் சொல்வதும் நியாயம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஸ்பிட்ஃபயரில் இறக்கை தெரியும், இன்ஜின் சத்தம் கேட்காது. அது காற்றில் எப்படித் திரும்பும் என்றும் தெரியாது.

இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மிட்செல் வளர்ந்த ஸ்டோக் ஆன் டிரென்ட் நகர அரும்பொருளகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் நிற்கிறது. லண்டனின் அறிவியல் அரும்பொருளகத்தில் ஷ்னைடர் கிண்ணமும் அதை வென்ற எஸ் 6பி விமானமும் இருக்கின்றன. பறப்பதைப் பார்க்க வேண்டுமானால் டக்ஸ்ஃபர்ட்.

அங்கே போனால் முதலில் இறக்கையைப் பாருங்கள். நுனி வளைந்து குறுகினால் அநேகமாக ஸ்பிட்ஃபயர்தான். ஆனால் சில வகைகளில் நுனியை வெட்டியிருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். புரொப்பெல்லரில் ஐந்து தகடுகள் இருந்தால், அது பிற்காலத்தில் வந்த, சக்தி கூடிய வகை.

அந்த வகைகளை எல்லாம் மிட்செல் பார்த்ததே இல்லை.